எந்த ஸ்டேஜ்ல வர்றாங்கன்னு யாராச்சும் சொல்லுங்களேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2020ல கேன்சர்னு தெரிஞ்சிருக்க வேண்டியவங்க எல்லாம் எங்க போனாங்க? கொரோனா வந்த வருஷம் கேன்சர் என்ன லீவு போட்டுட்டு போயிடுச்சா? இத யாரும் கேக்கிற மாதிரியே தெரியல, அதான் எழுதுறேன். நீளமா போயிட்டா வெட்டிப் போடுங்க பரவால்ல, ஆனா நடுவுல ஒரு கேள்வி இருக்கு, அத மட்டும் வெட்டிடாதீங்க.

நானா கற்பனை பண்ணி சொல்லல. நேஷனல் கேன்சர் கிரிட்னு நாடு முழுக்க கேன்சர் ஆஸ்பத்திரிங்க சேந்த ஒரு கூட்டமைப்பு, அதுல இருக்கிற 41 ஆஸ்பத்திரிக் கணக்க எடுத்து பாத்து லான்செட் ஆன்காலஜி பத்திரிகைல 2021லயே போட்டாங்க. 2019 மார்ச்சுல இருந்து மே வரைக்கும் அந்த ஆஸ்பத்திரிங்கள்ல புதுசா பேர் பதிஞ்சவங்க 1,12,000 பேருக்கு மேல. 2020ல அதே மூணு மாசத்துல 52,000 கூட வரல. 54 சதவீதம் காணோம். பெரிய ஆபரேஷன் கிட்டத்தட்ட பாதி நின்னு போச்சு, சதை எடுத்து பாக்கிற டெஸ்ட், ஸ்கேன் எல்லாமே குறைஞ்சுது. கரண்ட் வைக்கிறது, அதாவது கதிர்வீச்சு ட்ரீட்மெண்ட், மட்டும் 23 சதவீதம்தான் குறைஞ்சிருக்கு, பாதி சிட்டிங் ஆனவங்கள நடுவுல விட முடியாதுங்கிறதால இருக்கும்னு நான் நினைக்கிறேன். நோய் அறிகுறி தெரியறதுக்கு முன்னாடியே டெஸ்ட் பண்ற ஸ்கிரீனிங்தான் சுத்தமா அடி வாங்கிடுச்சு, 70 சதவீதத்துக்கும் மேல ஆஸ்பத்திரிங்கள்ல ஒன்னு நிறுத்திட்டாங்க இல்ல குறைச்சுட்டாங்க. இத நாடு முழுக்கன்னு வெச்சு கணக்கு போட்டா ரெண்டு வருஷத்துல 83,000ல இருந்து 1,11,000 பேர் வரைக்கும் கண்டுபிடிக்காம விட்டுப் போயிருப்பாங்கன்னு அவங்களே எழுதினாங்க. இப்படி விட்டுப் போனவங்க நோய் இல்லாதவங்க இல்லங்க, லேட்டா வரப்போறவங்க, இல்ல வராமலே போறவங்க.

லேட்டானா என்னன்னு கேப்பாங்க. பிஎம்ஜேங்கிற பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகைல 2020 நவம்பர்ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ட்ரீட்மெண்ட் நாலு வாரம் தள்ளிப்போனாலே சாவுற ஆபத்து 6ல இருந்து 13 சதவீதம் வரைக்கும் கூடுதுன்னு, எந்த கேன்சர், என்ன ட்ரீட்மெண்டுங்கிறத பொறுத்து மாறும். நாலு வாரத்துக்கே இப்படின்னா, இங்க ஆடில தட்டுப்பட்ட கட்டிக்கு அடுத்த தீபாவளிக்கு ஆஸ்பத்திரி போனவங்க எத்தனை பேரு.

எங்க ஊர் கதைய சொல்றேன். மயிலாடுதுறை அப்ப தனி மாவட்டமே கிடையாது, நாகப்பட்டினத்தோட இருந்துச்சு, 2020 டிசம்பர் கடைசிலதான் பிரிச்சாங்க. எங்களுக்கு தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் போகணும்னா மாவட்டம் தாண்டணும், புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி போகணும்னா மாநிலமே தாண்டணும், சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் போகணும்னா எத்தனை செக்போஸ்ட்னு அந்த தில்லையம்பலத்தானுக்குதான் தெரியும். பஸ் கிடையாது ரயில் கிடையாது, கார் வெச்சா போலீஸ் நிறுத்தும், இ-பாஸ் அப்ளை பண்ணா ஏத்துப்பாங்களா மாட்டாங்களான்னு போனையே பாத்துட்டு உக்காந்திருக்கணும். கும்பகோணம் பக்கம் ஒரு வயசானவரு கேன்சர் வந்த பொண்டாட்டிய சைக்கிள்ல வெச்சு 120 கிலோமீட்டர் மிதிச்சு ஜிப்மருக்கு கூட்டிட்டு போனாரே, பேப்பர்ல எல்லாம் வந்துச்சு, படிச்சவங்க எல்லாம் என்ன பாசம்னு கண்ணு கலங்கினாங்க. எனக்கு கோவம்தான் வந்துச்சு. சைக்கிள் மிதிக்க தெம்பு இல்லாத வீட்டுக்காரங்க என்ன பண்ணியிருப்பாங்க? அவங்க கதை பேப்பர்ல வராது இல்லையா. மாநிலம் முழுக்க மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் திரும்ப ஓட ஆரம்பிச்சதே 2020 செப்டம்பர் 7லதான்.

பஸ் ஓடினதுக்கு அப்புறமும் போகலங்கிறதுதான் எனக்கு பெரிய விஷயமா தெரியுது. எங்க பெரியத்தைக்கு மார்புல கட்டி தட்டுப்பட்டது அந்த வருஷம் ஆடி மாசம். வலி இல்ல, அதனால யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் பொண்ணுகிட்ட சொன்னப்போ, இப்ப ஆஸ்பத்திரிக்கு போனா இல்லாத கொரோனாவ வாங்கிட்டு வரணும், பொங்கல் கழியட்டும்னு சொல்லிட்டாங்க. பொங்கல் கழிஞ்சு எலெக்‌ஷன் வந்துச்சு, எலெக்‌ஷன் கழிஞ்சு ரெண்டாவது அலை வந்துச்சு, அப்ப ஆக்சிஜன் பெட்டுக்கே நாயா அலைஞ்ச நேரம், கட்டிய பத்தி எவன் பேசுவான். கடைசில போனப்போ மூணாவது ஸ்டேஜ், அக்குள் வரைக்கும் வந்துருச்சு. முதல்ல மருந்து ஏத்தி, அப்புறம் ஆபரேஷன், அப்புறம் கரண்ட். அத்தை நல்லா இருக்காங்க, மாத்திரை ஓடுது, ஆனா அந்த பக்கத்து கை வீங்கிப்போய் ஒரு குடம் தண்ணி தூக்க முடியாது. காப்பீட்டு கார்டுல ட்ரீட்மெண்ட் செலவு போயிடுச்சு, அத குறை சொல்ல மாட்டேன், ரூம் வாடகை, சாப்பாடு, மாமா மாசக்கணக்குல கடைய மூடி போட்டது, அதுக்கெல்லாம் எந்த கார்டும் இல்ல. ஓபி வரிசைல பேச்சு குடுத்தா பாதிப்பேரு இதே கதைதான் சொன்னாங்க, "கொரோனா முடியட்டும்னு இருந்தோம்".

அந்த "முடியட்டும்"ங்கிற பழக்கம் கொரோனாவோட போகல. முன்னாடி எங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பிரஷர் சுகர் மாதிரி தொத்தாத நோய்களப் பாக்கிற என்சிடி நர்ஸ் கூப்பிட்டு கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எடுத்துப்பாங்க, பிரஷர் பாக்க வந்தவங்க கையோட அதையும் முடிச்சுட்டு போவாங்க. இப்ப பிரஷர் சுகர் மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே வருது, 2021 ஆகஸ்ட்ல இருந்து. நல்ல திட்டம்தான், எங்க அம்மாவே வாங்குறாங்க. ஆனா மாத்திரை வீட்டுக்கு வந்ததுல பொம்பளைங்க நிலையத்துக்கு போறதுக்கு இருந்த ஒரு சாக்கும் போயிடுச்சு, இத யாரும் யோசிச்ச மாதிரி தெரியல. கொரோனாவுக்கு முன்னாடி மட்டும் என்ன வாழ்ந்துச்சுன்னு கேட்டா அதுவும் நியாயம். குடும்ப நல சர்வே அஞ்சாவது ரவுண்டுல, 30ல இருந்து 49 வயசு பொம்பளைங்கள்ல தமிழ்நாட்டுல 9.8 சதவீதம் பேருதான் ஒரு தடவையாவது கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எடுத்திருக்காங்க. இது நாட்டுலயே முன்னாடி இருக்கிற கணக்கு, இந்தியா முழுக்க பாத்தா 1.9தான். உலக சுகாதார நிறுவனம் 70 சதவீதம் பேருக்கு எடுக்கணும்னு 2020 நவம்பர்ல, கொரோனா நடுவுலயே, இலக்கு வெச்சுது, 2030க்குள்ள.

கொரோனா ஊசி பயம் தனி கதை. யாருக்கு கேன்சர்னு கேள்விப்பட்டாலும் "அந்த தடுப்பூசி போட்டதுல இருந்துதான்"னு ஒரு குரூப் கிளம்பிடுது, வாட்ஸ்அப்ல டாக்டர் மாதிரியே ஒருத்தர் பேசுறாரு. அந்த ஊசியால கேன்சர் வருதுன்னு யாரும் நிரூபிக்கல. அப்ப வராம இருந்தவங்க இப்ப முத்திப்போய் வர்றாங்கங்கிறது கண்ணு முன்னாடி இருக்கு, அத விட்டுட்டு ஊசிய திட்டுறாங்க. இதுல அடி வாங்கப்போறது பொண்ணுங்க. 14 வயசு பொண்ணுங்களுக்கு எச்பிவி ஊசி இலவசம்னு 2025-26 பட்ஜெட்ல நம்ம கவர்மெண்ட் அறிவிச்சப்போ எனக்கு அவ்ளோ சந்தோஷம், கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு முக்கால்வாசிக்கும் மேல காரணமான எச்பிவி வைரஸ் வகைங்கள தடுக்கிற ஊசி அது, முன்னாடி வசதி உள்ளவங்கதான் காசு குடுத்து போட்டாங்க. தெருவுல சொன்னா "இன்னொரு ஊசியா, ஆள விடு"ங்கிறாங்க. செர்வாவாக்ங்கிற எச்பிவி ஊசிய தயாரிக்கிறதும் கோவிஷீல்டு தயாரிச்ச அதே சீரம் கம்பெனின்னு தெரிஞ்சா கேக்கவே வேணாம். ஸ்கூல்ல ஃபார்ம் குடுத்து கையெழுத்து வாங்கிட்டு வான்னா நடக்காது, அம்மாமாருங்கள உக்கார வெச்சு பேசணும், கேள்வி கேக்க விடணும்.

இப்ப அந்த கேள்விக்கு வர்றேன். 2023 நவம்பர்ல ஈரோடு, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, கன்னியாகுமரின்னு நாலு மாவட்டத்துல வீடு வீடா கூப்பிட்டு கேன்சர் ஸ்கிரீனிங் ஆரம்பிச்சாங்க, அப்புறம் மத்த மாவட்டத்துக்கும் வந்துச்சு. எங்க பாத்தாலும் இத்தனை ஆயிரம் பேருக்கு பரிசோதனைன்னுதான் செய்தி, உங்க பேப்பர்லயும்தான், மந்திரி படத்தோட. சந்தேகம்னு எழுதி அனுப்பினவங்கள்ல எத்தனை பேரு மேல்டெஸ்டுக்கு நிஜமாவே போனாங்க? கேன்சர்னு உறுதியானவங்க எந்த ஸ்டேஜ்ல இருந்தாங்க? அதுல எத்தனை பேரு ட்ரீட்மெண்ட முழுசா முடிச்சாங்க? முதல் ரெண்டு ஸ்டேஜ்ல வர்றவங்க வருஷா வருஷம் கூடினா ஸ்கிரீனிங் வேலை செய்யுது, மூணும் நாலுமாவே வந்துட்டு இருந்தா எத்தனை லட்சம் பேர டெஸ்ட் பண்ணி என்ன. நம்ம மாநிலத்துல கேன்சர் பதிவேடு இருக்கு, அடையாறு இன்ஸ்டிட்யூட்ல வருஷக்கணக்கா கட்டிக்காத்த வேலை, அதனால விவரமே இல்லைன்னு யாரும் தட்டிக்கழிக்க முடியாது. மாவட்டம் வாரியா வருஷத்துக்கு ஒரு தடவை வெளியிடுங்கன்னு நீங்க எழுதினா கேப்பாங்க, நான் எழுதினா குப்பைல போடுவாங்க. அடையாறு இன்ஸ்டிட்யூட்ட வளத்த டாக்டர் சாந்தா அம்மா 2021 ஜனவரில போயிட்டாங்க, சீக்கிரம் வாங்கன்னு வாழ்நாள் பூரா அடிச்சுக்கிட்டது அவங்கதான்.

கொரோனாவால நல்லது ஒன்னும் நடக்கலன்னு சொல்ல மாட்டேன். மார்பு கேன்சருக்கு முன்னாடி அஞ்சு வாரம் கரண்ட் வெச்ச இடத்துல மூணு வாரம் போதும், சிலருக்கு அஞ்சே சிட்டிங் போதும்னு ஆராய்ச்சி காட்டுச்சு, கூட்டத்த குறைக்கணும்னு அந்த நேரத்துல நிறைய டாக்டருங்க சின்ன கோர்ஸுக்கு மாறினாங்க. சென்னைல ரூம் எடுத்து தங்குற குடும்பத்துக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு தங்கினவங்களுக்குதான் தெரியும். அத திரும்ப பழையபடி இழுக்காம இருந்தா சரி.

போன்ல டாக்டர பாக்கிறதும் அப்ப வந்ததுதான். அத்தைக்கு செக்கப் வந்தா இங்கிருந்து போக வர ஒரு நாள் முழுசா போயிடும், மகளிர் இலவச பஸ் டவுன் பஸ்ஸுக்குதான், அவ்ளோ தூரத்துக்கு கிடையாது, கொரோனாவுல 10ல இருந்து 30 ரூபாயா ஏத்தின பாசஞ்சர் ரயில் குறைஞ்ச டிக்கெட்ட திரும்ப இறக்கவே 2024 பிப்ரவரி ஆயிடுச்சு. ரத்த ரிப்போர்ட்ட காட்டி மாத்திரைய தொடரலாமான்னு கேக்கிறதுக்கு எதுக்கு இவ்ளோ அலைச்சல்? நாங்க பாத்த ஆஸ்பத்திரில அப்ப ஒரு போன் நம்பர் குடுத்தாங்க, ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்பினா பதில் வரும், இப்ப அடிச்சா ரிங் போயிட்டே இருக்கு. எதுக்கு நேர்ல வரணும் எத போன்ல முடிக்கலாம்னு டாக்டருங்களே முடிவு பண்ணட்டும், எடுக்கிற மாதிரி ஒரு நம்பர், வாரத்துல ரெண்டு நாள், ஒவ்வொரு கவர்மெண்ட் கேன்சர் வார்டுலயும் வேணும், அதுக்கு புது பில்டிங் எல்லாம் தேவையில்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயிலாடுதுறை