அந்த ஒரு வருடத்தை அளவுகோலாக வைக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஜூலியஸ் ராண்டிலைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நியூயார்க் நிக்ஸ் அணிக்காக அவர் 2020-21இல் ஆடியதையும் மறு சீசனில் ஆடியதையும் அருகருகே வைத்து, நிலையில்லாத ஆட்டக்காரர் என்று முத்திரை குத்தியிருந்தார் உங்கள் கட்டுரையாளர். எண்களில் பிழை இல்லை, சரிபார்த்துவிட்டேன். அவற்றை எங்கிருந்து எண்ணத் தொடங்கினார் என்பதில்தான் எனக்கு வழக்கு.

அவர் தந்த கணக்கையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2020-21இல் ராண்டிலின் சராசரி ஆட்டத்துக்கு 24.1 புள்ளி, 10.2 ரீபவுண்டு (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 6 அசிஸ்ட் (கூட்டாளி புள்ளி எடுக்க உதவும் பாஸ்). அந்த வருடம் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் மிக அதிகம் முன்னேறிய ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். நிக்ஸ் 72 ஆட்டங்களில் 41ஐ வென்று, 2013க்குப் பிறகு முதல்முறையாக பிளேஆஃப் எனும் நாக்-அவுட் சுற்றுக்குள் நுழைந்தது. மறு வருடம் 20.1 புள்ளி, 9.9 ரீபவுண்டு, 5.1 அசிஸ்ட். அணிக்கு 37 வெற்றி, 45 தோல்வி. பிளேஆஃப் கிடையாது.

ரீபவுண்டு கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. அசிஸ்டில் ஒன்று குறைவு. உண்மையில் விழுந்தது ஷூட்டிங்தான். மூன்று புள்ளி எறிவில், அதாவது தூரக்கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவதில், 41.1 சதவீதத்திலிருந்து 30.8க்கு வந்துவிட்டார். கட்டுரையோடு போட்ட வரைபடத்தில் இந்தக் கோடு மலையுச்சியிலிருந்து உருண்டு விழுவதுபோல் இருக்கிறது, பார்ப்பவருக்குப் பகீரென்கும். ஆனால் அந்த வரைபடம் 2020-21இல்தானே தொடங்குகிறது? ஒரே ஒரு வருடம் முன்னால் போயிருந்தால் 2019-20இல் அவர் எறிந்த 27.7 சதவீதம் கண்ணில் பட்டிருக்கும். பின்னால் நீட்டியிருந்தால் 2022-23இல் 34.3, அடுத்த சீசனில் 31.1, மினசோட்டா அணிக்குப் போன 2024-25இல் 34.4. இந்த வரிசையில் ஒட்டாமல் நிற்பது 41.1 மட்டும். கட்டுரையாளர் சரிவு என்று சொன்ன வருடம் அவருடைய வழக்கமான எல்லையின் கீழ்ப்பக்கம், அவ்வளவுதான். விளக்கம் தேடவேண்டிய வருடம் அதற்கு முந்தியது.

இதை நம்பத் தயங்குகிறவர்கள் ஃப்ரீ த்ரோவைப் பார்க்கலாம், எதிரணி ஃபவுல் செய்தால் கிடைக்கும் எறிவு அது. அட்டவணையில் எனக்குப் பிடித்த பத்தி அது, யாரும் மதிப்பதில்லை. முன்னால் கை தூக்கி மறிக்க ஆள் இல்லை, கடிகாரம் நிற்கிறது, கோடு எப்போதும் அதே இடத்தில். தடுப்பு கடுமையாகிவிட்டது, நல்ல பாஸ் வரவில்லை என்ற சமாதானமெல்லாம் அங்கே செல்லாது. ராண்டிலின் ஃப்ரீ த்ரோ 2019-20இல் 73.3 சதவீதம், 2020-21இல் 81.1, அப்புறம் 75.6, அதற்கடுத்து 75.7. இங்கேயும் முளைத்து நிற்பது அதே வருடம்தான். அந்த வருடம் அவர் கை என்னவோ கூடுதலாகவே பழுத்திருந்தது.

அவருக்கு மட்டுமா என்றால், இல்லை. லீக் முழுவதற்குமே 2020-21இல் மூன்று புள்ளி எறிவு 36.7 சதவீதம், மறு வருடம் 35.4. கொரோனா காலம். நிக்ஸின் சொந்த அரங்கான மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதல் இரண்டு மாதம் பார்வையாளர்களே இல்லை. பிப்ரவரி கடைசியில்தான் கொஞ்சம் பேரை உள்ளே விட்டார்கள். மறு சீசனில் கூட்டம் திரும்பியது, பந்தும் மாறியது: ஸ்பால்டிங் போய் வில்சன் வந்தது. எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் பத்துச் சதவீத வீழ்ச்சி முழுவதையும் ஒரு மனிதனின் மனநிலையில் ஏற்றுவதற்கு முன் இதையும் பார்த்திருக்கலாம்.

'ஒரு நாள் தீப்பிடிக்கிறார், மறுநாள் காணாமல் போகிறார்' என்ற கட்டுரையின் வரிக்கு வருகிறேன். ராண்டிலைப் போல ஃபார்வர்டு (முன்வரிசை) இடத்தில் ஆடும் யாரைப் பற்றியும் எழுதக்கூடிய வரி இது. ஒரு சின்னக் கணக்கு. மூன்று புள்ளி எறிவில் துல்லியமாக 35 சதவீதம் திறமை உள்ள ஒருவர், திறமை கூடாமல் குறையாமல், ஆட்டத்துக்கு 5 முறை எறிகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 43 ஆட்டங்களில் அவருக்கு ஒன்று விழும், அல்லது ஒன்றுமே விழாது. சுமார் 23 ஆட்டங்களில் மூன்றோ அதற்கு மேலோ விழும். அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு வேறு ஆட்டக்காரர்களைப் பார்த்த மாதிரி இருக்கும். ஆடியது ஒரே ஆள்தான். இன்னொன்றும் சொல்கிறேன்: 35 சதவீதக்காரருக்கும் 30 சதவீதக்காரருக்கும் உள்ள வித்தியாசம், இதே 5 எறிவுக் கணக்கில், நான்கு ஆட்டத்துக்கு ஒரே ஒரு பந்து. டிவியில் பார்த்து யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

சரி, எல்லாமே அதிர்ஷ்டம்தான் என்று சொல்லிவிட்டு நானும் தப்பிக்க முடியாது. ஒரு சீசனுக்கு நானூறு எறிவு வாக்கில் எறிகிறவரின் சதவீதம் பத்து குறைவது, வெறும் தற்செயலால் நடப்பதைவிடப் பெரிய வித்தியாசம். ஃப்ரீ த்ரோ, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி எல்லாவற்றையும் சேர்த்து எடைபோடும் ட்ரூ ஷூட்டிங் அளவில் அவர் ஏறக்குறைய 57 சதவீதத்திலிருந்து 51க்கு இறங்கினார். அந்த இரண்டு வருடமும் லீக் சராசரி 57ஐ ஒட்டித்தான் இருந்தது. ஆக, நல்ல வருடத்திலேயே அவர் சராசரிக்காரர். கெட்ட வருடத்தில், 51ஐ வைத்துக்கொண்டு அவ்வளவு பந்தை எறிந்தது அணிக்கு நஷ்டம், மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் சூழ்நிலை உண்டு: பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் டெரிக் ரோஸ் கணுக்கால் அறுவை சிகிச்சைக்குப் போய் 26 ஆட்டங்களோடு முடித்துக்கொண்டார். அதே வேலைக்கு இருந்த கெம்பா வாக்கரைப் பாதியிலேயே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பந்தை ஒழுங்காகக் கொண்டுவர ஆள் இல்லாமல், எறிவதற்கான 24 நொடிக் கடிகாரம் முடியும் நேரத்தில் ராண்டில் கையில் திணித்தார்கள். அந்த வேலைக்கு ஜேலன் பிரன்சன் வந்த 2022-23இல் அதே ராண்டில் 25.1 புள்ளி எடுத்தார், அணியும் 47 ஆட்டம் வென்றது.

2021 பிளேஆஃபில் அட்லாண்டாவுக்கு எதிராக ஐந்து ஆட்டங்களில் அவர் இரண்டு புள்ளி, மூன்று புள்ளி எறிவுகளைச் சேர்த்து 29.8 சதவீதம்தான் எறிந்தார் என்பதைக் கட்டுரை ஆணித்தரமாகச் சொல்கிறது. உண்மை, பார்க்கவே வலித்தது. ஆனால் ஐந்து ஆட்டம். அதை வைத்து ஒரு ஆளின் குணத்தை எழுதக்கூடாது. அப்படி எழுதலாம் என்றால், 2023 மார்ச் 20 அன்று மினசோட்டாவுக்கு எதிராக 29 எறிவில் 19 விழுந்து, 57 புள்ளி எடுத்த இரவை வைத்தும் எழுதலாம். (அந்த ஆட்டத்தை நிக்ஸ் 134-140 என்று தோற்றது. புள்ளிக் கணக்கை மட்டும் நம்புகிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.)

2022 ஜனவரியில் பாஸ்டனுக்கு எதிரான ஆட்டத்தில் ரசிகர்களைப் பார்த்து அவர் கட்டைவிரலைக் கீழே காட்டியதையும், அதைப் பற்றிய பேட்டியில் கெட்ட வார்த்தை பேசி 25,000 டாலர் அபராதம் கட்டியதையும் 'மனநிலைக்குச் சான்று' என்று சேர்த்திருந்தார் உங்கள் கட்டுரையாளர். 25 புள்ளி பின்தங்கியிருந்த நிக்ஸ் அதே இரவில், ராண்டிலின் கூட்டாளி ஆர்.ஜே. பேரட் கடைசி நொடியில் போட்ட எறிவால் ஜெயித்தது அவருக்கு நினைவில்லை போலிருக்கிறது.

உங்கள் விளையாட்டுப் பக்கத்திடம் எனக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த முறை இப்படி அட்டவணை போடும்போது, சதவீதத்துக்குப் பக்கத்தில் எத்தனை எறிவு என்ற எண்ணையும் போடுங்கள், ஃப்ரீ த்ரோவுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். இடம் போதாது என்றால் கட்டைவிரல் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கலாம். அது அரைப்பக்கம் இருந்தது.

இப்படிக்கு,
உங்கள் விளையாட்டுப் பக்கத்தைத் தவறாமல் படிக்கும் ஒரு வாசகர்