தீவன மூட்டையில் இருப்பதை வளர்ப்பவருக்குச் சொல்லுங்கள்

பல்லடம், உடுமலை, நாமக்கல் வட்டாரங்களில் ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்க்கும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நான் கோவையில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். நோயாளியின் ரத்தத்திலோ சிறுநீரிலோ வளரும் பாக்டீரியாவுக்கு எந்த மருந்து கேட்கும் என்று சோதித்துச் சொல்வது எங்கள் வேலை. கேட்கும் மருந்துகளின் பட்டியல் சுருங்கிக்கொண்டே வருகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

சீட்டில்லாமல் மாத்திரை கொடுக்கும் மருந்துக்கடைகளுக்கும், சாதாரணச் சளிக்கும் ஆன்டிபயாடிக் எழுதும் மருத்துவர்களுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. ஆயினும் நோயே இல்லாத கோழிக்கு, எடை கூடட்டும் என்று தீவனத்தில் சிறு அளவில் நாள்தோறும் மருந்து கலக்கும் பழக்கம் தனியே பேசப்பட வேண்டியது. அந்தச் சிறு அளவு கோழியின் குடலிலுள்ள பாக்டீரியாவை முழுவதும் அழிப்பதில்லை. தாக்குப்பிடிப்பவற்றை மட்டும் பெருக விடுகிறது. அவை எருவோடு தென்னந்தோப்புக்கும் மஞ்சள் காட்டுக்கும் போகின்றன.

வேறு எதுவும் கேட்காதபோது மருத்துவர்கள் கடைசியாக எடுக்கும் மருந்து கொலிஸ்டின். அதை எதிர்க்கும் ஆற்றலை ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தக்கூடிய மரபணு சீனாவில் பன்றிகளிலும் கோழி இறைச்சியிலும் நோயாளிகளிடமும் இருப்பது 2015இல் வெளியானது. தீவனத்தில் வளர்ச்சிக்காக அம்மருந்தைச் சேர்ப்பதை 2017இல் அந்நாடு நிறுத்தியதும், ஓரிரு ஆண்டுகளிலேயே கால்நடைகளில் அந்த எதிர்ப்பு வெகுவாகக் குறைந்தது. நிறுத்தினால் பலன் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. நம் நாடும் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டினை 2019 ஜூலையில் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியமோ வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதையே 2006 முதல் அடியோடு விலக்கிவிட்டது.

உங்களிடம் எழுதக் காரணம், முடிவு உங்கள் கையில் இருப்பதுதான். குஞ்சும் தீவனமும் மருந்தும் நீங்கள் தருகிறீர்கள். பண்ணையாளர் கொட்டகையும் உழைப்பும் போட்டு வளர்ப்புக் கூலி பெறுகிறார். மூட்டைக்குள் என்ன மருந்து கலந்திருக்கிறது என்று அவரிடம் கேட்டால், அவர் என்ன பதில் சொல்ல முடியும்? அந்தத் தூசியை மூச்சில் வாங்குவதும், எருவை அள்ளுவதும் அவர் குடும்பம்தான்.

ஆகவே, வளர்ச்சிக்கென்று ஆன்டிபயாடிக் கலப்பதை முற்றிலும் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நோய் கண்டால் கால்நடை மருத்துவரின் எழுத்து மூலமான பரிந்துரையின்படி மட்டும் மருந்து கொடுங்கள். மருந்தின் பெயர், அளவு, கோழி பிடிப்பதற்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்ற விவரங்களைத் தமிழில் எழுதிப் பண்ணையாளரிடம் ஒப்படையுங்கள். மூட்டையிலும் அவ்வாறே அச்சிடுங்கள். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் தீவனப் பரிசோதனைக் கூடமும் இருக்கின்றன. உங்கள் தீவன மாதிரிகளை அங்கே சோதிக்கக் கொடுத்து, முடிவுகளை வளர்ப்பவர்களும் வாங்குபவர்களும் பார்க்கும்படி வெளியிடுங்கள். அடுத்த முறை குஞ்சு இறக்கும்போதே இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியாளர், கோயம்புத்தூர்