வார்டோவில் இருக்கும் மகளுக்கு, பங்குனிக் கடல் பற்றி

ஒஸ்லோ,
மாசி மாதக் கடைசி ஞாயிறு

அன்புள்ள பிள்ளைக்கு,

பக்கத்து வீட்டுக்காரர் தம் சிறு படகை உனக்குத் தரச் சம்மதித்திருக்கிறார் என்றும், ஈஸ்டர் விடுமுறையில் உன்னோடு படிப்பிக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஹோர்னோயாத் தீவின் பக்கமாகப் போய்ப் பறவைகளைப் பார்த்துவிட்டு, அப்படியே தூண்டிலும் போடப்போவதாகவும் எழுதியிருந்தாய். அதை வாசித்த உடனேயே தொலைபேசியில் உன்னைக் கூப்பிட்டு வேண்டாம் என்று ஒரே சொல்லில் சொல்லும்படி அம்மா என்னிடம் கேட்டாள். நான் அப்படிச் சொல்லவில்லை. நோர்வேயின் வடகிழக்கு மூலையில் நீ இருக்கும் அந்தக் கரையில், போட்ஸ்பியோர்டில், பதினொரு வருடம் மீன் வெட்டிய மனிதன் நான். போகாதே என்று சொல்வதைவிட, அந்தக் கடல் வசந்தத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை உனக்கு விளக்கி எழுதுவதுதான் பயன் தரும் என்று இரண்டு நாள் யோசித்த பிறகு இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றை நீ ஒத்துக்கொள்ள வேண்டும். நீயும் நானும் வற்றுப்பெருக்குத் தெரியாத கரைகளில் வளர்ந்தவர்கள். ஒஸ்லோ பியோர்டில் நிலவின் இழுப்பினால் நீர் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு அடிதான். அங்கே நீர்மட்டம் மாறினால் அது பெரும்பாலும் காற்றின் வேலை. நான் பிறந்த பருத்தித்துறையிலும் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையில் இரண்டு அடி இருந்தாலே அதிகம். ஆனால் நீ இப்போது இருக்கும் கரையில், பெரும் பெருக்கு நாட்களில் அந்த வித்தியாசம் மூன்று மீட்டர் அளவுக்குப் போகும், அதுவும் ஒரு நாளில் இரண்டு தடவை, ஒரு பெருக்கிலிருந்து அடுத்த பெருக்குக்குப் பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடம் என்ற கணக்கில்.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. போய்ச் சேர்ந்த முதல் வசந்தத்தில், என்னோடு வேலை செய்த நோர்வேக்காரர் ஒருவர் தம் சிறு படகை இறங்குதுறையில் கட்டிவிட்டு வரும்படி கயிற்றை என்னிடம் தந்தார். கடற்கரையில் பிறந்தவன் என்ற பெருமையோடு, எங்கள் ஊரில் கட்டுவது போலவே, தொய்வு இல்லாமல் இறுக்கி, நல்ல முடிச்சாகப் போட்டுவிட்டு வேலைக்குள் போனேன். அப்போது பெருக்கு நிறைந்து நின்ற நேரம் என்பது எனக்குத் தெரியாது. மத்தியான இடைவேளைக்கு வெளியே வந்து பார்த்தபோது கடல் கீழே இறங்கிப்போயிருந்தது. படகு மட்டும் இறங்க வழியின்றி அணியத்தில் கட்டிய கயிற்றில் தூக்குப்போட்டது போலத் தொங்கிக்கொண்டு, பின்பக்கம் தண்ணீரில் அமிழ, பெற்றோல் கலனும் துடுப்பும் பெட்டிகளும் மிதந்து போய்க்கொண்டிருந்தன. கயிறு அவ்வளவு இறுகியிருந்ததால் முடிச்சை அவிழ்க்க முடியாமல் மீன் வெட்டும் கத்தியால்தான் அறுத்தோம். அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. என் கையைப் பிடித்து இறங்குதுறை ஏணியின் பக்கம் கூட்டிக்கொண்டு போய், பாசி பிடித்த படிகளைக் காட்டி, எண்ணு என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு இடைவேளையிலும் நான் படி எண்ணுபவனாகிவிட்டேன். அந்த ஏணியின் படிகள் ஒரு அடி இடைவெளியில் இருந்தன. பெருக்கு நிறைந்து இறங்கத் தொடங்கிய முதல் மணி நேரத்தில் ஒரு படிகூட முழுதாக வெளியே வராது. நீர் இறங்குவதாகவே தெரியாது. அதை நம்பிப் பேச்சில் இருந்துவிட்டு மூன்றாம் மணியில் திரும்பிப் பார்த்தால் படிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்து ஒழுகிக்கொண்டு வெளியே வரும். இதற்குக் கடலோடிகளிடம் ஒரு மனக்கணக்கு உண்டு: மொத்த இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், ஆறு மணி நேரத்தில் அது முறையே ஒன்று, இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று என்று பிரியும். மூன்று மீட்டர் இறக்கமென்றால் முதல் மணியில் இருபத்தைந்து சென்ரிமீட்டர்தான். ஆனால் மூன்றாம், நான்காம் மணிகளில் மட்டும் சேர்த்து ஒன்றரை மீட்டர். தீவுகளுக்கு இடையிலும், வார்டோவைப் பெருநிலத்திலிருந்து பிரிக்கும் புஸ்ஸசுந்த் போன்ற ஒடுக்கங்களிலும் ஓட்டத்தை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டிய நேரமும் இதுதான். காற்று அந்த ஓட்டத்துக்கு எதிரே வீசினால் அலை நீளம் குறைந்து, சுவர் போலச் செங்குத்தாக எழும். ஒரு மணி நேரத்துக்கு முன் தட்டுப்போலக் கிடந்த இடம், காற்று கொஞ்சமும் கூடாமலே, சிறு படகு நுழைய முடியாத இடமாகிவிடும்.

இனி எந்த நாட்களில் பெருக்குப் பெரிது என்ற கேள்வி. இதற்கு எங்கள் வீட்டுப் பஞ்சாங்கமே போதும் என்று சொன்னால் நீ சிரிப்பாய். உன் அப்பப்பா இறந்த பிறகு நான் அமாவாசை விரதம் பிடிப்பது உனக்குத் தெரியும். போட்ஸ்பியோர்டு விடுதியில் நான் மரக்கறி மட்டும் சமைக்கும் நாளுக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ ஏணியின் அடிப்படிகள் வெளியே வருவதையும், முழுநிலவு நாளான பறுவத்துக்குப் பிறகும் அப்படியே நடப்பதையும், அட்டமியை ஒட்டிய நாட்களில் நீர் சோம்பேறித்தனமாகக் கொஞ்சம் ஏறிக் கொஞ்சம் இறங்குவதையும் நானாகவே கண்டுபிடித்து, பெரிய விஞ்ஞானி போல மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் மேசை லாச்சியிலிருந்து அச்சிட்ட அட்டவணையை எடுத்து நீட்டினார். ஆனாலும் பஞ்சாங்கம் பிழைக்கவில்லை. சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் இழுக்கும்போது பெருக்குப் பெரிது. செங்கோணத்தில் நின்று இழுக்கும்போது சிறிது. அந்த இழுப்புக்குக் கடல் இணங்க ஒன்றிரண்டு நாள் எடுக்கிறது. சூரியன் பூமத்திய கோட்டுக்கு நேரே நிற்கும் பங்குனியிலும் புரட்டாசியிலும் அந்த இழுப்பு இன்னும் வலுக்கும். நீ போக நினைக்கும் ஈஸ்டர், பங்குனி சமநாளுக்குப் பிறகு வரும் பறுவத்தை அடுத்த ஞாயிறு என்பதைக் கவனித்தாயா? ஆண்டின் பெரிய வற்றும் பெரிய பெருக்கும் வருகிற காலத்தை ஒட்டித்தான் உன் விடுமுறையும் வருகிறது.

நோர்வே அரசின் வரைபட நிறுவனம் வெளியிடும் நீர்மட்ட அட்டவணை இப்போது உன் கைத்தொலைபேசியிலேயே இருக்கிறது. வார்டோவிலேயே அவர்களுடைய அளவுமானி ஒன்று நிற்கிறது. வார்டோவுக்குரியதையே பார், பெருக்கு அலை தெற்கிலிருந்து கரையோரமாக வடக்கே ஏறிப் பின் கிழக்கே திரும்புவதால், துரொம்சோவில் நீர் நிறைந்து சில மணி நேரம் பிந்தித்தான் உன் வாசலில் நிறையும். இன்னொன்று, அட்டவணை சொல்வது சூரியனும் நிலவும் செய்கிற வேலையை மட்டும். வானிலை அதன் மேல் தன் பங்கைக் கூட்டும் அல்லது கழிக்கும். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் ஏறக்குறைய ஒரு சென்ரிமீட்டர் உயரும். சாதாரண அழுத்தம் 1013 என்றால், 975 அளவுக்கு இறங்கிய ஒரு தாழ்வழுத்தம் காற்றின் உதவியே இல்லாமல் நீரை முப்பத்தெட்டுச் சென்ரிமீட்டர் தூக்கிவிடும். கரையை நோக்கிக் காற்றும் தள்ளினால் இன்னும் கூடும். எல்லோரும் பயப்படுவது இதற்கு. உன்னைப் போலச் சிறு படகில் போகிறவர்கள் பயப்பட வேண்டியது மறுபக்கத்துக்கு: வானம் தெளிந்து, அழுத்தம் 1040க்கு ஏறி, எல்லோரும் இன்று நல்ல நாள் என்று சொல்லும் அன்று, கடல் அட்டவணை சொன்னதைவிட ஒரு சாண் தாழ்ந்து நிற்கும், நேற்று மேலால் போன பாறை இன்று இயந்திரத்தின் விசிறியைப் பிடிக்கும். வரைபட நிறுவனத்தின் பக்கத்தில் வானிலையின் பங்கையும் சேர்த்த கணிப்பு தனியாகத் தரப்படுகிறது. அதையே பார்.

காற்றைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பகிடியும் சொல்ல வேண்டும். வானொலியில் கடல் வானிலை வாசிக்கும்போது "லீத்தன் கூலிங்" என்பார்கள். நாங்கள் ஏழெட்டுத் தமிழ்ப் பெடியன்கள் விடுதிக் குசினியில் இருந்து அதைக் கேட்டுவிட்டு, "லீத்தன்" என்றால் சிறிது, "கூலிங்" என்றால் குளிர்மை, ஆகவே இன்று குளிர் குறைவு என்று முடிவு கட்டியிருந்தோம். உண்மையில் அது செக்கனுக்கு 10.8 மீட்டர் தொடங்கி 13.8 மீட்டர் வரையான காற்று. மீன்பிடிப் படகுக்குச் சிறிதாக இருக்கலாம், உன் படகுக்கு அது வீட்டில் இருக்கச் சொல்லும் காற்று. நோர்வே மொழியிலேயே வளர்ந்த உனக்கு அந்தக் குழப்பம் இராது; ஆனால் "சிறு" என்ற சொல்லில் மயங்குவதற்கு மொழி தெரியாமல் இருக்கத் தேவையில்லை.

எங்களுக்கு அந்த வானொலி வயிற்றுப்பாடாக இருந்தது. படகுகள் வெளியே போக முடியாமல் துறையில் கிடக்கும் நாட்களில் தொழிற்சாலையின் பட்டியில் மீன் வராது. மீன் வராவிட்டால் வேலை இல்லை. மாசி, பங்குனியில் கப்பெலின் என்ற சிறு மீன் முட்டையிடக் கரைக்கு வரும். அதைத் துரத்திக் கொட் மீன் வரும். மீனைத் தொடர்ந்து படகுகள் வரும். ஆண்டின் நல்ல உழைப்பு அந்த மாதங்களில்தான், ஆண்டின் நம்ப முடியாத வானிலையும் அந்த மாதங்களில்தான்.

நம்ப முடியாதது என்று சொன்னது ஏனென்றால், அங்கே வெளிச்சம் முதலில் வருகிறது, சூடு பின்னாலும் வருவதில்லை. தை மாதத்தில் கோட்டையில் பீரங்கி முழங்கிச் சூரியனை வரவேற்றார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை கிடைத்தது என்று எழுதியிருந்தாய். பங்குனி முடிவதற்குள் பகல் இரவை வென்றுவிடும். ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் வரை கூடிக்கொண்டே போகும். மே நடுப்பகுதிக்குப் பிறகு சூரியன் மறையவே மறையாது. கண் இதை வசந்தம் என்று எடுத்துக்கொள்கிறது. கடல் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. அத்திலாந்திக்கிலிருந்து வரும் நீரோட்டத்தால் பேரன்ட்ஸ் கடலின் அந்தக் கரை உறைவதில்லை என்றாலும், பங்குனியில் தண்ணீர் மூன்று நான்கு பாகைதான்.

ஆபத்து பிறப்பதும் அந்த உறையாத நீரில்தான். வடக்கே பனிக்கட்டிப் பரப்பின் மேலிருந்து கடுங்குளிர்க் காற்று அந்த நீரின் மேல் இறங்கும்போது, கீழிருந்து சூடும் ஈரமும் ஏறி, சில நூறு கிலோமீட்டர் அகலமான ஒரு சிறு சுழல் சில மணி நேரத்தில் உருவாகிவிடும். துருவத் தாழ்வழுத்தம் என்பார்கள். ஐப்பசியிலிருந்து சித்திரை வரையும், சில வருடங்களில் மே மாதத்திலும் வரும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அழிந்தும் போகும். எங்கள் ஊரில் வாடைக்காற்று வருவதற்கு முன் நாள் கணக்கில் அறிகுறி காட்டும். இது காட்டாது. ஒரு சித்திரை நாள் காலை, துறையில் நின்று சட்டைப் பொத்தானைக் கழற்றும் அளவுக்கு வெயில். மத்தியானம் வடக்கில் கடல் முடியும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர். அரை மணி நேரத்தில் எதிரே நின்ற விளக்குக் கம்பம் பனிமழையில் மறைந்துவிட்டது. அன்று மாலை ஊர்ந்து உள்ளே வந்த படகின் கைப்பிடிக் கம்பிகள், ஒவ்வொன்றும் என் முழங்கை மொத்தத்துக்கு, தெறித்த உப்புநீர் உறைந்து தடித்திருந்தன. மரச் சுத்தியலால் அடித்து உதிர்த்துக்கொண்டே வந்திருந்தார்கள். அந்தப் பாரம் மேலே ஏறினால் படகு கவிழும்.

வார்டோவில் நீ பார்த்த ஸ்டெயில்நெசெத் நினைவிடம், சூனியக்காரர் என்று அந்த வடக்கு மாவட்டமான பின்மார்க்கில் கொல்லப்பட்ட 91 பேருக்கானது. 1617 ஆம் ஆண்டு நத்தாருக்கு முதல் நாள் திடீரென்று எழுந்த புயலில் வார்டோவையும் கீபெர்க்கையும் சேர்ந்த நாற்பது பேர் கடலில் மாண்டார்கள். சில வருடங்களின் பின் அந்தப் புயலை எழுப்பியதாகப் பெண்கள் மேல் வழக்கு நடந்தது. அந்த அநியாயத்துக்கு நியாயம் சொல்ல வரவில்லை. ஆனால் தெளிந்த வானத்திலிருந்து அப்படி ஒரு காற்று இறங்குவதைக் கண்ணால் கண்டவனுக்கு, யாரோ ஏவிவிட்டது போலத்தான் இருக்கிறது என்று மட்டும் சொல்வேன்.

ஆகவே போகும் நாள் காலையில் எழுந்ததும் வடக்கே நடுக்கடலில் இருக்கும் கரடித் தீவின் வானிலை அவதானிப்பையும் பார். அங்கே அழுத்தம் விழுந்து, வடக்குக் காற்றோடு பனி என்று இருந்தால், உன் ஜன்னலுக்கு வெளியே எவ்வளவு வெயில் எறித்தாலும் படகைத் தொடாதே. மிதவை உடுப்பைப் படகில் வைத்திருக்காதே, உடம்பில் போட்டிரு: நாலு பாகைத் தண்ணீரில் முதல் நிமிடம் மூச்சைப் பிடிக்கவே போதாது, பத்து நிமிடத்தின் பின் விரல்கள் சொன்னபடி கேளா. கடலில் உதவிக்கு அழைக்கும் எண் 120. எந்த மணிக்குத் திரும்புவாய் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போ. திரும்பும் மணி வற்றின் மூன்றாம் நான்காம் மணிகளுக்குள் விழாதபடி புறப்படு.

அதற்கு முன் எனக்காக ஒன்று செய். வருகிற பறுவத்துக்கு அடுத்த நாள், அட்டவணையில் பெருக்கு நிறையும் நேரத்துக்குத் தடித்த உடுப்போடு இறங்குதுறைக்குப் போய் ஏணியின் எத்தனை படி வெளியே தெரிகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள். அதிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் ஒரு தடவை என்று வற்று முடியும் வரைக்கும் எண்ணி, ஏழு எண்களையும் எனக்கு எழுதி அனுப்பு. அன்றைய காற்றழுத்தத்தையும் பக்கத்தில் எழுது. படகைக் கட்டும் கயிறு எத்தனை பாகம் நீளமாக இருக்க வேண்டும் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா