பழைய ஷேர் பத்திரங்களை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போகி நெருங்குகிறது. பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கும் டெல்டா குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். அதில் தாத்தா பெயரில் ஷேர் பத்திரம் ஏதாவது கிடந்தால் நெருப்பில் போடாதீர்கள், எடைக்கும் போடாதீர்கள்.

கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மூடிப்போன ஆலைகளின் ஷேர் பத்திரங்களைச் சேர்த்து வைக்கிறேன். பெரும்பாலானவை கும்பகோணம், மயிலாடுதுறை பழைய பேப்பர் கடைகளில் கிடைத்தவை. எங்கள் பக்கம் ரைஸ் மில்லைத் தாண்டிப் பெரிய ஆலைகள் அதிகம் கிடையாது. ஆனால் நெல் விற்ற பணத்தில் நிலமும் நகையும் வாங்கியது போக மிஞ்சியதைப் பல மிராசுதார்கள் வெளியூர் ஆலைகளில் போட்டிருக்கிறார்கள். அதற்குச் சாட்சி இந்தக் காகிதங்கள்தான்.

என்னிடம் உள்ள ஒரு நூற்பாலைப் பத்திரத்தைச் சொல்கிறேன். கம்பெனி முத்திரையை அழுத்திய மேடு இன்னும் விரலில் தட்டுப்படுகிறது. 1951-ல் திருவிடைமருதூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவர் வாங்கியது. பின்பக்கம் திருப்பினால், அவர் காலமானபின் மனைவி பெயருக்கு மாறிய பதிவு. கூடவே துருப்பிடித்த குண்டூசியில், ஷேரை வேறொருவர் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லும் படிவம் ஒன்று, கம்பெனிக்குப் போகாமலே நின்றுவிட்டது. விற்கத்தான் நினைத்திருப்பார் போலும். எழுத்துக் கூட்டித் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் அந்த அம்மாள், சாட்சி ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணம். வாங்குபவர் பெயர் எழுத வேண்டிய இடம் காலி. அந்த வீட்டில் அப்போது என்ன பணமுடையோ என்று பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

ஆலை போனபின் அதன் கணக்குப் புத்தகங்களும் போய்விடுகின்றன. பெரம்பூர் பக்கிங்காம் மில் 1876-லும் கர்நாடிக் மில் 1881-லும் வந்து, 1920-ல் ஒன்றாகி, 1996-ல் மூடப்பட்டன. ஹெரால்டு கார் செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் இன்று இல்லை. இப்படிப்பட்ட கம்பெனிகளில் நம் ஊர்க்காரர் யார் யார் பணம் போட்டார்கள் என்று நாளை ஒருவர் ஆராய வந்தால், எதை எடுத்துக் காட்டுவது?

1606-ஆம் ஆண்டின் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிப் பங்குப் பத்திரம் ஒன்றை, 2010-ல் நெதர்லாந்தின் ஹோர்ன் நகர ஆவணக் காப்பகத்தில் ஒரு மாணவர் கண்டெடுத்தார். 1658-ல் நம் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்த அதே கம்பெனி. நானூறு வருஷம் அந்தக் காகிதம் தப்பியதற்குக் காரணம், யாரோ அதைக் குப்பை என்று தள்ளாததுதான்.

சரி, எல்லாமே செத்த காகிதம் என்றும் நினைக்க வேண்டாம். கம்பெனி பெயர் மாறியிருக்கலாம், வேறொன்றோடு இணைந்திருக்கலாம். கம்பெனி தரும் லாபப் பங்கான டிவிடெண்டை ஏழு வருஷம் தொடர்ந்து வாங்காமல் இருந்தால் பங்கு மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும், ஆனால் வாரிசுகள் உரிய சான்றுகளோடு கேட்டுத் திரும்பப் பெறலாம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனியின் காகிதப் பத்திரத்தை அப்படியே கைமாற்றி விற்க 2019 ஏப்ரல் முதல் வழியில்லை, பங்குகளைக் கம்ப்யூட்டர் பதிவாக வைக்கும் டீமேட் கணக்கு வேண்டும். முதலில் ஒரு ஆடிட்டரிடம் காட்டுங்கள். அப்புறம் மற்றதை யோசிக்கலாம்.

தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப்பும் ஒட்டாதீர்கள். குண்டூசியைக் கழற்றிவிட்டு, மடிக்காமல், ஐப்பசி கார்த்திகை ஈரம் படாத இடத்தில் வையுங்கள். ஸ்டாம்புக்காக ஓரத்தைக் கத்தரித்த பத்திரங்களும் என்னிடம் வந்திருக்கின்றன. பார்க்கவே மனசு வலிக்கிறது.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஓலைச்சுவடிகளைக் காப்பதுபோல, இந்தப் பத்திரங்களுக்கும் ஒரு அலமாரி ஒதுக்க வேண்டும். கொடுக்க மனமில்லாதவர்களிடம் இருபக்கமும் படமெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தந்துவிடலாம். அப்படி ஒரு ஏற்பாடு வந்தால் என் சேகரிப்பு முழுவதையும் கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி ஊழியர்,
கும்பகோணம்