முன்னாள் மாணவர் கால்பந்துக் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வந்திருக்கும் மூத்த, இளைய ஆட்டக்காரர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஆண்டில் செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டது. இரண்டு முறை கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, சேரவில்லை. கோடைப் பயிற்சி முகாம் வழக்கம்போல் நடந்தது. குடியரசு தின ஆட்டத்தில் இந்நாள் மாணவர்கள் நம்மை வென்றார்கள். வடக்குப் பக்கக் கோல் கம்பத்துக்கு வர்ணம் பூசி, புது வலை கட்டினோம். மறைந்த இரண்டு உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தப்பட்டது.

இனி, சாம்பியன் பலகை. இதைப் பற்றிப் பலவிதமாகப் பேசப்படுவதால் நடந்ததை முழுமையாகச் சொல்லிவிடுவது என் கடமை.

உடற்கல்வி அறையில் தொங்கிய பழைய பலகையில், கல்லூரிகளுக்கு இடையிலான கோப்பையை நம் கல்லூரி ஒன்பது முறை வென்றதாக எழுதியிருந்தது. கறையான் அரித்துவிட்டதால் புதிதாக எழுதச் சென்ற பொதுக்குழு தீர்மானித்து, பொறுப்பை என்னிடம் தந்தது. பார்த்து அப்படியே எழுத இரண்டு நாள் போதும். ஆனால் புதுப் பலகை இன்னும் ஐம்பது வருஷம் சுவரில் இருக்கும். கோப்பையோ, குழுப்படமோ, பத்திரிகைத் துண்டோ, ஒரு சான்றாவது கண்ணால் பார்க்காமல் எந்த ஆண்டையும் எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அலமாரியில் கறுத்துக் கிடந்த பித்தளைக் கோப்பைகளை வீட்டுக்குக் கொண்டுபோய் நானும் என் மனைவியும் புளி போட்டுத் தேய்த்தோம். ஐந்தாவது கோப்பையின் அடிவளையத்தில் கறுப்பு விலகியபோது 'ரன்னர்ஸ்', அதாவது இரண்டாமிடம், என்று பொறித்திருந்தது தெரிந்தது. பலகையில் அது நாம் வென்ற ஆண்டு.

அந்த அணியின் கோல்கீப்பர் அண்ணன் இப்போதும் நம் உறுப்பினர். கோப்பையைத் துணியில் சுற்றி அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். மடியில் வைத்துக்கொண்டு அந்த வளையத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "மக்கா, அன்னைக்கு நாங்க தோத்துல்லா வந்தோம். ரெண்டுக்கு ஒண்ணு. பஸ்சுல ஒருத்தனும் வாய் தொறக்கல" என்றார். பலகையைப் பார்க்கும்போதெல்லாம் உறுத்தியதாகவும், பெரியவர்கள் எழுதியதை மாற்றச் சொல்ல மனம் வரவில்லை என்றும் சொன்னார்.

இன்னொரு ஆண்டுக்குக் கோப்பையும் இல்லை, படமும் இல்லை, செய்தியும் இல்லை. தேடியலைந்து பார்த்துவிட்டு அதையும் விட்டுவிட்டேன். ஒன்பது ஏழாயிற்று.

அந்த ஏழில் ஒன்று, இறுதியாட்டம் சமனாகி இரு கல்லூரிகளும் பகிர்ந்துகொண்டது. அதை எப்படி வெற்றி என்று எழுதலாம் என்று வேறு சிலர் கேட்கிறார்கள். சமனான ஆட்டத்தில் இரு அணியினரும் மாறி மாறிக் கோலை நோக்கிப் பந்தடித்து முடிவு காணும் பெனால்டி ஷூட்அவுட் ஆட்ட விதிகளில் சேர்ந்ததே 1970-இல்தான். அதற்கு முன் மறு ஆட்டம் வைப்பார்கள், பகிர்ந்து கொடுப்பார்கள், அல்லது நாணயம் சுண்டுவார்கள். 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இத்தாலி சோவியத் யூனியனைத் தாண்டியது நாணயத்தால். நம் நாட்டிலேயே 1960 டூரண்ட் கோப்பையைக் கொல்கத்தாச் சங்கங்களான மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் பகிர்ந்துகொண்டன. இரு சங்கங்களின் கணக்கிலும் அது இருக்கிறது. ஆகவே நம் பலகையில் 'கூட்டாக' என்ற சொல்லுடன் அந்த ஆண்டு நிற்கிறது. நிற்கத்தான் வேண்டும்.

ஒன்பதை ஏழாக்கிக் கல்லூரியின் பெருமையைக் குறைத்துவிட்டேன் என்கிறார்கள் சிலர். தோற்ற அணியை நான் அழிக்கவில்லை. 'இரண்டாமிடம்' என்று தனிப் பத்தி போட்டு அந்தப் பதினொரு பேரின் பெயரையும் எழுத வைத்தேன். பழைய பலகையில் ஆண்டு மட்டும்தான் இருந்தது, பெயர் இல்லை. கோல்கீப்பர் அண்ணன் பேரனுடன் வந்து தன் பெயரைக் காட்டிவிட்டுப் போனார்.

மனம் நொந்து ஒன்றைச் சொல்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவுவரை எனக்கு எதிராக எழுதியவர்கள் யாரும் பலகையை நேரில் வந்து பார்க்கவில்லை. சான்றுகளையெல்லாம் மேசையில் பரப்பி, தேதி அறிவித்து, ஒரு ஞாயிறு முழுக்கக் காத்திருந்தேன். நான்கு பேர் வந்தார்கள். உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டாண்டுச் சந்தா பாக்கி. பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால் வரவு செலவுக்குச் சரியாக இருந்தது. பலகைச் செலவில் ஒரு பகுதியை நான் கைப்பணமாகக் கொடுத்திருக்கிறேன். அது கழகத்தின் வசதிப்படி வந்தால் போதும். தலைவர், பொருளாளர், உடற்கல்வி இயக்குநர், வலை கட்டிக் கொடுத்த மாணவர்கள், பெயின்டர் அனைவருக்கும் கழகத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி. கல்லூரியில் பெண்கள் அணி தொடங்கி இரண்டாண்டு ஆகிறது. மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் கோப்பையை நம் தமிழ்நாட்டு ஆண்கள் இன்றுவரை வென்றதில்லை. பெண்களோ 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனார்கள். 2023-இல் அமிர்தசரசில் ஹரியானாவை வென்று மறுபடியும் ஆனார்கள். நம் பிள்ளைகள் பதினாறு பேர் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வருகிறார்கள். பூட்ஸ் ஒன்பது ஜோடிதான் இருக்கிறது. முதல் பாதி ஆடியவள் கழற்றிக் கொடுக்க, அடுத்தவள் முன்பக்கம் துணி திணித்துப் போட்டுக்கொண்டு இறங்குகிறாள். பாக்கிச் சந்தா வந்தாலே ஏழு ஜோடி வாங்கி, பந்துக்கும் மிஞ்சும்.

செயலாளர் பொறுப்பை ஏற்க யாரேனும் முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். இல்லையென்றால் தொடர்வதில் எனக்குத் தடையில்லை. ரசீதுப் புத்தகம் என் கையில் இருக்கிறது. கூட்டம் முடிந்து தேநீர் தரும் நேரத்தில் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்