கமலா ஹாரிஸ் தோற்றது எதனால்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி தோற்றதற்கு, அதன் வேட்பாளர் ஒரு பெண் என்பதும் அவருடைய நிறமுமே முதன்மைக் காரணங்கள் என்று தங்கள் இதழில் வெளியான கட்டுரை வாதிட்டிருந்தது. கமலா ஹாரிஸின் தாய்வழிப் பாட்டனார் பி.வி. கோபாலனின் சொந்த ஊரான துளசேந்திரபுரம் எங்கள் மன்னார்குடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதால், டீக்கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் நான் கேட்டுவருவதும் இதே விளக்கம்தான். அதை அடியோடு ஒதுக்கிவிட நான் சொல்லவில்லை. ஆனால் அதே நாளில், அதே வாக்குச்சீட்டில் நடந்த வேறொன்றை அது விளக்கவில்லை. ஹாரிஸ் தோற்ற விஸ்கான்சினில் டாமி பால்ட்வின், மிச்சிகனில் எலிசா ஸ்லாட்கின், நெவாடாவில் ஜாக்கி ரோசன் ஆகிய மூன்று பெண்கள் அதே கட்சியின் சார்பில் செனட் சபைக்கு வெற்றி பெற்றார்கள். மூவரும் வெள்ளையினத்தவர்தானே என்று கேட்கலாம். ஹாரிஸ் தோற்ற இன்னொரு மாநிலமான அரிசோனாவில் லத்தீன் அமெரிக்கப் பூர்வீகம் கொண்ட ரூபன் காயேகோவும் வென்றிருக்கிறார். ஒரே கட்சியின் செனட் வேட்பாளருக்கு வாக்களித்துவிட்டு அதிபர் வேட்பாளரை மட்டும் கைவிட்டவர்கள் கணிசமாக இருந்திருக்கிறார்கள் என்றால், அவர்களுடைய கோபம் வெள்ளை மாளிகையின் மீது என்று கொள்வதே பொருத்தம்.

அந்தக் கோபத்தின் பெரும்பகுதி விலைவாசியைப் பற்றியது. அமெரிக்காவில் 2022 ஜூன் மாதத்தில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. நாற்பது ஆண்டுகளில் அந்நாடு அப்படி ஒன்றைக் கண்டதில்லை. தேர்தல் வந்தபோது அது 3 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. வேலைவாய்ப்பும் நன்றாகவே இருந்தது. ஆகவே பொருளாதாரம் சீராகிவிட்டது என்று பைடன் அரசும் அதன் ஆதரவாளர்களும் புள்ளிவிவரங்களோடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருளே தவிர, ஏறிய விலை இறங்கிவிட்டது என்று பொருள் அல்ல. இதை டெல்டாவில் எந்த விவசாயிக்கும் விளக்கத் தேவையில்லை. ஆயிரம் ரூபாய்க்கு முன்பின்னாக இருந்த பொட்டாஷ் மூட்டை 2022 தொடக்கத்தில் 1,700 ரூபாய்க்குப் போனது. பிறகு சற்று இறங்கியதே தவிர, பழைய விலைக்குத் திரும்பவில்லை. மேலுரம் போடும் நேரத்தில் உரக்கடையில் நிற்பவரிடம் போய், போன ஆண்டைவிட இந்த ஆண்டு விலை அதிகம் ஏறவில்லையே என்று சொன்னால் அவர் என்ன பதில் சொல்வாரோ, முட்டையும் மாட்டிறைச்சியும் வீட்டு வாடகையும் ஏறி நின்ற நாட்டின் வாக்காளர்களும் அதையே சொன்னார்கள்.

நம் மாநிலத்திலும் இது நடந்ததுதான். 1967 தேர்தலைப் பற்றிப் பேசும்போது மொழிப்போரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. அரிசித் தட்டுப்பாடும், ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. தந்த வாக்குறுதியும் அந்தத் தேர்தலில் எத்தனை பெரிய பங்கு வகித்தன என்பதை எங்கள் பகுதிப் பெரியவர்கள் மறக்கவில்லை. அணைகளும் பள்ளிகளும் கட்டிய காமராஜரே விருதுநகரில் தோற்றார். 2024ஆம் ஆண்டிலும் இந்தக் காற்று ஒரு நாட்டோடு நிற்கவில்லை: பிரிட்டனில் கன்சர்வேடிவ் கட்சி ஆட்சியை இழந்தது, ஜப்பானிலும் தென்னாப்பிரிக்காவிலும் நெடுநாள் ஆண்ட கட்சிகள் பெரும்பான்மையை இழந்தன, இங்கே பா.ஜ.க. 303 இடங்களிலிருந்து 240க்கு இறங்கியது.

இருந்தாலும் எல்லாவற்றையும் விலைவாசியின் தலையில் கட்டிவிட்டு ஜனநாயகக் கட்சியின் தலைமை தப்பித்துக்கொள்ள முடியாது. 81 வயதான பைடன் மறுபடியும் நிற்பதை அந்தக் கட்சியில் பொறுப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் தடுக்கவில்லை. ஜூன் 27 அன்று நடந்த தொலைக்காட்சி விவாதத்தில் அவர் தடுமாறியதை நாடே பார்த்த பிறகுதான் நெருக்கடி கொடுத்தார்கள். ஜூலை 21 அன்று அவர் விலகினார். அவருடைய துணை அதிபரான ஹாரிஸுக்குப் பிரசாரத்துக்குக் கிடைத்தது 107 நாட்கள். அதற்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல்கள் முடிந்துவிட்டிருந்ததால், போட்டியே இல்லாமல் அவர் வேட்பாளரானார். உட்கட்சிப் போட்டி என்பது வேட்பாளரின் பேச்சு எங்கே எடுபடுகிறது, எங்கே எடுபடவில்லை என்பதை முன்கூட்டியே காட்டிவிடும் சோதனை. அந்தச் சோதனைக்கு உட்படாமலேயே அவர் நேராகக் களத்தில் இறங்க வேண்டியதாயிற்று.

இதே கட்சி 1968இல் இதே குழியில் விழுந்திருக்கிறது. வியட்நாம் போரால் செல்வாக்கிழந்த லிண்டன் ஜான்சன் மார்ச் 31 அன்று விலக, துணை அதிபர் ஹூபர்ட் ஹம்ஃப்ரி உட்கட்சித் தேர்தல் எதிலும் நிற்காமலேயே வேட்பாளரானார். போர் விஷயத்தில் ஜான்சனிடமிருந்து விலகிப் பேச அவர் செப்டம்பர் கடைசிவரை தயங்கினார். நிக்சனிடம் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். ஹாரிஸ் அந்த அளவுக்குக்கூட விலகவில்லை. அக்டோபர் 8 அன்று ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், பைடனைவிட வேறு மாதிரியாக என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டபோது, அப்படி எதுவும் தமக்குத் தோன்றவில்லை என்றார். எதிர்த்தரப்பு அதை அப்படியே எடுத்து விளம்பரமாக்கிக்கொண்டது. பதவியிலிருக்கும் தலைவரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற விசுவாசம் நமக்குப் புரியக்கூடியதுதான். ஆனால் மாற்றம் வேண்டும் என்று கேட்ட வாக்காளருக்கு அந்தப் பதில் போதுமானதாக இல்லை.

காசா போரைப் பற்றிக் கட்டுரை ஒரு வரியோடு கடந்துவிட்டது. அரபு அமெரிக்கர்கள் நிறைந்த மிச்சிகனின் டியர்பார்ன் நகரில் டிரம்ப் முதலிடம் பெற்றது, அந்தப் போரில் பைடன் அரசு இஸ்ரேலுக்குத் துணைநின்ற கோபத்தால்தான். தேர்தல் நாளில் துளசேந்திரபுரம் தர்மசாஸ்தா கோயிலில் நடந்த சிறப்பு அபிஷேகத்தையும் நன்கொடையாளர் கல்வெட்டில் இருக்கும் ஹாரிஸின் பெயரையும் படம்படமாக வெளியிட்ட நம் ஊடகங்களில் டியர்பார்னைப் பற்றி நான் படித்தது மிகக் குறைவு.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரை இதைப் படுதோல்வி என்கிறது. மாநிலவாரியாகக் கிடைத்து, அதிபர் யார் என்பதை முடிவு செய்யும் தேர்வாளர் கணக்கில் 312க்கு 226 என்பது அப்படித் தோன்றலாம். மக்கள் வாக்கில் டிரம்ப் பெற்றது 49.8 சதவீதம், ஹாரிஸ் பெற்றது 48.3 சதவீதம். பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் ஆகிய மூன்று மாநிலங்களிலும் சேர்த்து வித்தியாசம் சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம் வாக்குகள். அந்த மூன்றின் 44 தேர்வாளர்களும் கிடைத்திருந்தால் ஹாரிஸ் வெற்றிக்குத் தேவையான 270ஐச் சரியாகத் தொட்டு வென்றிருப்பார். இத்தனை நெருக்கமான தேர்தலில் பாலினம், நிறம், காசா, எல்லைப் பிரச்சினை என எதை வேண்டுமானாலும் காரணமாகச் சொல்லிவிடலாம். ஆனால் 2020உடன் ஒப்பிட்டால் 50 மாநிலங்களும் டிரம்பின் குடியரசுக் கட்சியின் பக்கமாகவே நகர்ந்திருக்கின்றன. மெக்சிகோ எல்லையை ஒட்டி, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்தப் பக்கம் போகாத டெக்சாஸின் ஸ்டார் கவுண்டிகூடப் போயிருக்கிறது. ஐம்பதிலும் ஒரே சமயத்தில் வேலை செய்த காரணம் பாலினமும் நிறமும்தான் என்றால், அதை எதைக்கொண்டு நிறுவுகிறார் என்பதைக் கட்டுரையாளர் அடுத்த இதழிலாவது எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மன்னார்குடி.