மண் ‘மண’ ஆகாமல் இருக்க

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆசியக் கலைக் கூட்டுக்குழுக்கள் பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, குழுக்களின் பெயர்களை அடுக்கிவிட்டு அவர்கள் கையில் இருக்கும் கருவியான மரச்செதுக்கைப் பற்றி, அதாவது பலகையில் செதுக்கி மை பூசித் துணியில் அச்சடிக்கும் கலையைப் பற்றிப் பேசாமலே முடிந்துவிட்டது. இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ பதவி இழந்த 1998-ல் யோக்யகர்த்தாவில் தொடங்கிய தாரிங் பாடி குழுவுக்கும், 2010-ல் மலேசியாவின் சபா மாநிலத்து ரானாவில் உருவான பங்ரோக் சூலாப் குழுவுக்கும் முதலீடு ஒரு பலகை, நாலு உளி, மை பூச ஒரு ரோலர். ரானாவ்காரர்களுக்கு மரச்செதுக்கைக் கற்றுக்கொடுத்தது எந்த ஓவியக் கல்லூரியும் இல்லை. ஜகார்த்தாவின் மார்ஜினால் என்ற பங்க் இசைக்குழு. 1931-ல் ஷாங்ஹாயில் சீன எழுத்தாளர் லூ சூன் பட்டறை நடத்தியதும் இதே கலைக்குத்தான்.

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலோ செந்தூலிலோ நம் இளைஞர்கள் இதைத் தொடங்கினால் ஒரு சிக்கல் வரும். அது நம் எழுத்து.

பலகையில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். எழுத்துகளின் வரிசையை மட்டும் மாற்றிவிட்டு ஒவ்வோர் எழுத்தையும் திருப்ப மறப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. ‘கொ’வில் கொம்பு வலப்பக்கமும் கால் இடப்பக்கமும் வர வேண்டும். கைப்பேசியின் செல்ஃபி கேமராவில் பலகையைப் பாருங்கள். திரையில் சரியாகப் படிக்க முடிந்தால் அச்சிலும் சரியாக வரும்.

அடுத்தது புள்ளி. மரநாரைப் பசை சேர்த்து அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையின் மேல்தோல் கெட்டி, உள்ளே மிருது. உளியைச் சாய்த்து அடிப்பக்கம் குடைந்துவிட்டால், ரோலர் உருளும்போது புள்ளி தொப்பி கழல்வதுபோல உதிர்ந்துவிடும். ‘எங்கள் மண்’ என்று செதுக்கினால் ‘எங்கள மண’ என்று துணியில் விழும். புள்ளி ஒரு சென்டிமீட்டர் அகலமாவது இருக்கட்டும். அதன் சுவர் கீழே போகப் போக விரியட்டும். மூன்று சுழி ‘ண’வுக்கு முதலில் சுழியின் உட்பக்கத்தை வெட்டிவிட்டு அப்புறம் வெளிப்பக்கத்துக்கு வர வேண்டும். சுற்றிலும் மரம் தாங்கி நிற்கும்போதுதான் சுழி சிதறாது. பிளைவுட் வேண்டாம்; நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வளைவு வந்தால் சிலும்பும். எம்.டி.எஃப்.-க்கு நார்த்திசை கிடையாது, நம் வளைவுகளுக்கு அதுவே ஏற்றது. ஆனால் அதன் தூளில் ஃபார்மால்டிஹைடு பசை இருக்கிறது, முகக்கவசம் கட்டாயம்.

6 மில்லிமீட்டர் கனம் போதும். செதுக்குமுன் தண்ணீர் கலக்காத கறுப்பு மையை மெல்லப் பூசிக் காயவிட்டால் வெட்டிய இடம் பளிச்சென்று தெரியும். பெரிய வெற்றிடங்களை ஆழமாக எடுக்காவிட்டால் துணி தொய்ந்து மை ஒட்டும். எண்ணெய் மைதான் வேண்டும். தண்ணீர் பட்டால் பலகை உப்பிவிடும். முதல் அச்சு வெளிறி வருவதற்குப் பலகை மையைக் குடிப்பதுதான் காரணம். அதைச் சோதனை அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். கஞ்சி போக்கிய பருத்தித் துணியை ஓர் ஓரத்தில் கிளிப் போட்டு நிறுத்தி, மேலே இன்னொரு துணி விரித்து, வெறுங்காலால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மிதிக்க வேண்டும். பங்ரோக் சூலாப் இதைப் பாட்டுப் போட்டு ஆடியே செய்கிறார்கள். ஆட்டம் பார்க்க நன்றாக இருக்கும், கிளிப் இல்லையென்றால் எழுத்து இரட்டையாகும். கோலாலம்பூர் ஈரக்காற்றில் மை காய நாள் கணக்காகும். நாளைய கூட்டத்துக்கு இன்று இரவு அச்சடிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

2017-ல் கோலாலம்பூர்க் கண்காட்சி ஒன்றிலிருந்து பங்ரோக் சூலாப்பின் ‘சபா தானா ஆயிர்-கூ’ (சபா, என் தாயகம்) என்ற மரச்செதுக்கு அச்சு புகாரின் பேரில் இறக்கப்பட்டது. சுவரோவியத்தை வெள்ளையடித்தால் போயிற்று. பலகை கையிலிருந்தால் மறுபடி அச்சடித்துக்கொள்ளலாம். பினாங்கில் 2009-ல் தமிழர் குடியிருப்பான கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டபோது அந்த மாட்டுக்கொட்டகைகளைச் செதுக்கிய ஒரு பலகை இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பணக் கணக்கு விஷயத்தில் ஜகார்த்தாவின் ருவாங்ரூப்பா கலைக்குழுவைப் பார்க்கலாம். 2022-ல் ஜெர்மனியின் டாக்குமென்டா கலைவிழாவை நடத்தியபோது அவர்கள் எடுத்துக்கொண்ட சொல் ‘லும்புங்’, நம் நெற்குதிர். வரும்படியில் ஒரு பங்கு பொதுவில் சேரும், எதற்குச் செலவழிப்பது என்பதைக் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். அதே விழாவில் தாரிங் பாடியின் 2002-ஆம் ஆண்டுப் பதாகை ஒன்றில் யூத வெறுப்பு உருவங்கள் இருந்ததால் அதை இறக்க நேர்ந்தது. குழு மன்னிப்புக் கேட்டது. பல கைகள் வரைந்த படத்தில் யார் எதை வரைந்தார் என்று பார்வையாளர் பிரித்துப் பார்க்க மாட்டார். ஆகவே உளி எடுக்குமுன் வரைபடத்தை நடுவில் வைத்து ஒவ்வோர் உருவத்தையும் எல்லோரும் பார்த்து ஒப்புக்கொள்வது நல்லது.

ஒரு வேண்டுகோள். தங்கள் இதழின் ஒரு முழுப்பக்கத்தில் உயிரெழுத்துகளையும் உயிர்மெய் எழுத்துகளையும் தடித்த கோட்டில், இடவலம் மாற்றி அச்சிட்டுத் தர முடியுமா? வெட்டிப் பலகையில் ஒட்டி, காகிதத்தின் மேலேயே செதுக்கிவிடலாம்.

மரச்செதுக்குப் பயிற்றுநர்,
பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்